கடல் தாண்டும் பார்சல்: ஆன்லைன் விற்பனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எட்ஸி, ஈபே, அமேசான் மாதிரியான தளங்களில் கடை திறந்து, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பார்சல் அனுப்புகிறவர்களுக்கான பக்கம் இது. கன்டெய்னர் கணக்கில் ஏற்றுமதி செய்கிறவர்களின் நடைமுறை வேறு, அதற்குள் இங்கே போகவில்லை.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "அமெரிக்காவுக்கு கிலோ எவ்வளவு?" என்றுதான். கிலோ ரேட் கணக்கில் ஒரு வரி மட்டுமே. பெட்டி என்ன அளவு, அந்த நாட்டு வரியை யார் கட்டுவது, படிவத்தில் என்ன எழுதுவது, இந்த மூன்றும் முடிவான பிறகுதான் பொருளுக்கு விலை போட வேண்டும். விலையைப் போட்டுவிட்டு அப்புறம் அனுப்பும் செலவைத் தேடுவதால்தான் பலருக்கு லாபம் கரைகிறது.

மாதம் நாலைந்து பார்சல்தான் போகிறது. எனக்கும் ஐ.இ.சி. வேண்டுமா?

வேண்டும். ஏற்றுமதி இறக்குமதி எண் எனப்படும் ஐ.இ.சி., விற்பனைக்காக வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பும் யாருக்கும் அடிப்படை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் பான் எண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஏஜென்ட் ஐந்தாயிரம் கேட்டால் அது அவருடைய கூலி. ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால் நீங்களே உட்கார்ந்து முடித்துவிடலாம். நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை, தனிநபர் பெயரிலும் கிடைக்கும்.

பலரும் மறந்துபோவது ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எதுவும் மாறாவிட்டாலும், உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டுவிட்டால் எண் முடக்கப்படும், பார்சல் சுங்கத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

இதோடு ஏற்றுமதிப் பணம் எந்த வங்கிக் கிளைக்கு வரும் என்பதைக் காட்டும் ஏ.டி. கோடு என்ற 14 இலக்க எண்ணை வங்கியிடமிருந்து வாங்கி, கொரியர் நிறுவனம் வழியாகவோ சுங்கத் துறைத் தளத்திலோ பதிவு செய்ய வேண்டும். சிறிய கிளைகளில் ஊழியர்களுக்கே இது புதிதாக இருக்கலாம். அன்னியச் செலாவணி பார்க்கும் கிளைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு? என் விற்றுமுதல் 40 லட்சத்துக்கும் கீழேதான்.

அந்த வரம்பு மாநிலத்துக்குள் பொருள் விற்கிறவர்களுக்கானது. ஏற்றுமதியைச் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகப் பார்க்கிறது. ஆகவே பதிவு தேவைப்படும் என்ற கணக்கில் தொடங்குங்கள். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு, அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. என்றதும் ஓடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்: ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிந்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். நூல், பெட்டி, கொரியர் என்று நீங்கள் வாங்கியவற்றில் கட்டிய வரியைத் திரும்பவும் கேட்கலாம். கொரியர் பில்லில் மட்டும் 18 சதவீதம் போகிறது. பதிவு இல்லாதவருக்கு அது முழுக்கச் செலவு.

கொரியர் கடையில் "கிஃப்ட் என்று போட்டுவிடலாம்" என்கிறார்கள். போடலாமா?

கூடாது. காசு வாங்கிக்கொண்டு அனுப்புவது அன்பளிப்பு ஆகாது. அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் உங்களுக்கே நட்டம்.

கொரியர் வழி ஏற்றுமதிக்கு இரண்டு வகைச் சுங்கப் படிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சி.எஸ்.பி. 4 என்பது அன்பளிப்பு, மாதிரிப் பொருள் போன்றவற்றுக்கு. சி.எஸ்.பி. 5 வணிகத்துக்கு. கொரியர் வழியாக அனுப்பும் ஒரு சரக்கின் மதிப்புக்கு 5 லட்சம் ரூபாய் என்றிருந்த உச்சவரம்பை 2023ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 10 லட்சமாக உயர்த்தியது. கைவினைக் கடைக்கு அந்த வரம்பே எட்டாத உயரமாக இருந்தது, 2026 பட்ஜெட்டில் அதையும் நீக்குவதாக அறிவித்துவிட்டார்கள்.

சி.எஸ்.பி. 4இல் போனால் காகித வேலை குறைவு, பல கடைகள் அதைத்தான் விரும்பும். ஆனால் சுங்கத்தின் கணக்கில் நீங்கள் எதையும் ஏற்றுமதி செய்யவில்லை. நாளைக்கு வங்கி "இந்த டாலர் எதற்கு வந்தது?" என்று கேட்டாலோ, ஜி.எஸ்.டி. அதிகாரி ஏற்றுமதிக்கு ஆதாரம் கேட்டாலோ, பொருள் திரும்பி வந்து அதை வரியில்லாமல் எடுக்க வேண்டியிருந்தாலோ, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கமும் சிக்கல்தான். பெட்டி மேல் கிஃப்ட் என்றும் உள்ளே எட்ஸி ரசீதும் இருப்பதைப் பார்க்காத சுங்க அதிகாரி உலகத்தில் இல்லை.

கடையில் பதிவு செய்யும்போதே "சி.எஸ்.பி. 5 போடுவீர்களா, அதன் நகல் எனக்கு வருமா?" என்று கேளுங்கள். தடுமாறினால் வேறு கடை பார்க்கலாம். தபாலில் அனுப்பினால் இதற்கு இணையானது தபால் ஏற்றுமதி பில், பி.பி.இ. என்பார்கள்.

பொருள் ஒன்றரை கிலோ. பில் மட்டும் ஏழரை கிலோவுக்கு வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அது வால்யூமெட்ரிக் எடை. விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு. அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். வருவதும் தராசு காட்டுவதும், இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில். டி.ஹெச்.எல்., ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். மூன்றின் எக்ஸ்பிரஸ் சேவைகளிலும் பொதுவான கணக்கு இதுவே. எடை அரை கிலோ படிகளில் மேல்நோக்கி ஏறும்.

ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 36,000 கன சென்டிமீட்டர். 5000ஆல் வகுத்தால் 7.2. அதாவது ஏழரை கிலோ. அதே பொம்மையைப் பாகம் பாகமாகக் கழற்றி 30, 25, 20 பெட்டியில் அடைக்க முடிந்தால் சரியாக 3 கிலோ. பாதிக்கும் மேல் மிச்சம், பொருளில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வீணை விற்கிறவர்கள் பாவம். 130, 40, 40 பெட்டி என்றால் 41.6, பில்லில் 42 கிலோ. உள்ளே இருப்பது அதில் பாதிகூட இருக்காது.

ஆகவே கடையில் கிடைத்த பெட்டியில் பொருளைப் போடாதீர்கள், பொருளுக்குப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அட்டைப்பெட்டி செய்கிறவர் நூறு பெட்டிக்குக் குறைந்தால் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, இரண்டே அளவைத் தேர்ந்தெடுத்து நூறு நூறாகச் செய்துகொள்ளுங்கள். தளத்தில் பொருளைப் பட்டியலிடும்போதும் பெட்டியின் வெளி அளவைத்தான் கொடுக்க வேண்டும்.

சொன்ன ரேட் ஒன்று, வந்த பில் ஒன்று. ஏன்?

எரிபொருள் சர்சார்ஜ் ஒரு காரணம், அது அடிக்கடி மாறும். ஊர் ஒதுக்குப்புறமாக இருந்தால் தொலைதூரப் பகுதிக் கட்டணம், வீட்டு முகவரி என்றால் சில நிறுவனங்களில் தனிக் கட்டணம், பெட்டி பெரிதென்றால் இன்னொன்று. கடைசியில் ஜி.எஸ்.டி. விலை கேட்கும்போது பின்கோடு அல்லது ஜிப் கோடு கொடுத்து, "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தபாலா, கொரியரா, அக்ரிகேட்டரா?

இரண்டு கிலோவுக்குக் கீழே, விலை குறைந்த, உடையாத பொருள் என்றால் முதலில் தபாலைப் பாருங்கள். இந்தியா போஸ்டின் ஐ.டி.பி.எஸ். சேவை இதற்கென்றே வந்தது. கண்காணிப்பு எண்ணும் உண்டு. சிறு பொதிகளுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. ஜிமிக்கி, புடவை, மரச் செப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். பல தபால் நிலையங்களில் டாக்கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் இயங்குகிறது. அங்கே பார்சல் கொடுத்தால் சுங்க வேலைக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

அவசரம், விலை உயர்ந்தது, பெரியது என்றால் கொரியர். அதே கொரியரின் மொத்த விலையில் வாங்கி நமக்குச் சில்லறையாகக் கொடுப்பவை அக்ரிகேட்டர் நிறுவனங்கள். சிறு கடைக்கு நேரடிக் கணக்கைவிட இவர்களிடம் மலிவாகக் கிடைப்பது சகஜம். ஆனால் பார்சல் தொலைந்தால் யாரிடம் சண்டை போடுவது என்பது மங்கலாகிவிடும். அந்த ஒப்பந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் சேருங்கள்.

"ஃப்ரீ ஷிப்பிங்" போட்டால் தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் குறையுமா?

குறையாது, கூடவும் கூடாது. எட்ஸியை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டியலுக்கு 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம். அந்த 6.5 பொருள் விலைக்கு மட்டுமல்ல, நீங்கள் வாங்கும் ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்து. 40 டாலர் பொருளும் 25 டாலர் ஷிப்பிங்கும் என்றாலும், 65 டாலர் பொருள் ஷிப்பிங் இலவசம் என்றாலும், அவர்கள் எடுப்பது ஒரே 4.23 டாலர். ஈபேயும் ஷிப்பிங்கைச் சேர்த்த மொத்தத்தின் மேல்தான் கமிஷன் கணக்கிடுகிறது. இதற்கு மேல் பணம் கைமாறும் கட்டணம், நாணய மாற்றில் போகிற வெட்டு. எட்ஸியின் வெளித்தள விளம்பரம் வழியாக வந்த ஆர்டராக இருந்தால் இன்னும் 15 சதவீதம், ஆண்டு விற்பனை 10,000 டாலரைத் தொட்ட கடைகளுக்கு 12. எனவே கொரியருக்கு 25 டாலர் ஆகிறது என்று வாடிக்கையாளரிடம் சரியாக 25 வாங்கினால் அதிலேயே கையைக் கடிக்கும்.

உண்மையான வித்தியாசம் கமிஷனில் இல்லை, சுங்கத்தில் இருக்கிறது. இதைக் கவனிப்பவர்கள் குறைவு. அமெரிக்கச் சுங்கம் பொருளின் விலைக்குத்தான் வரி போடும். சர்வதேசப் போக்குவரத்துச் செலவு இன்வாய்ஸில் தனியாகத் தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம். 65 என்று மொத்தமாக எழுதி "ஷிப்பிங் இலவசம்" என்றால் 65 முழுவதுமே பொருளின் விலை ஆகிவிடுகிறது. ஐரோப்பாவில் இன்னொரு விதமாக அடிக்கும். அங்கே 150 யூரோ என்ற வரம்புக் கோடு முக்கியம், காரணம் பின்னால் வருகிறது. 130 யூரோ பொருள், 30 யூரோ ஷிப்பிங் என்று தனித்தனியாக எழுதினால் கோட்டுக்குக் கீழே. 160 யூரோ, ஷிப்பிங் இலவசம் என்றால் கோட்டைத் தாண்டியாயிற்று. பொருள் அதே, பணம் அதே, வாடிக்கையாளர் படும் பாடு வேறு.

தேடலில் மேலே வருவதற்காக ஃப்ரீ ஷிப்பிங் வைக்கச் சொல்லித் தளங்கள் தூண்டும். விலை குறைந்த, எடை குறைந்த பொருளுக்கு வைக்கலாம். வெண்கலச் சிலைக்கு வைப்பது விவேகமாகத் தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரி இல்லை என்று படித்தேனே?

பழைய பக்கத்தைப் படித்திருக்கிறீர்கள். 2016 முதல் இருந்த அந்த 800 டாலர் சலுகை எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்ட் 29 அன்று நிறுத்தப்பட்டது. இப்போது பத்து டாலர் ஜிமிக்கிக்கும் சுங்க வரி உண்டு.

அந்த நாட்களில் நடந்ததைக் கொஞ்சம் நினைவில் வைத்திருப்பது நல்லது. வரியை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்று தெளிவில்லாததால் இந்தியா போஸ்ட் ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் 15 அன்றுதான் மறுபடி தொடங்கியது, அதுவும் புதிய முறையில்: வரியை அனுப்புகிறவரே பதிவு செய்யும் இடத்தில் முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். அன்றைக்கு இந்தியப் பொருட்களுக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 சதவீதம். அந்த விகிதம் நிலையாக நிற்கவில்லை, எனவே இங்கே ஓர் எண்ணைக் கொடுத்து உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. பார்சல் கட்டும் அன்று தபால் துறையிலோ கொரியரிலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தபால் வழி ஒன்று நின்றாலும் கடை மூடாமல் இருக்க ஒரு கொரியர் கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.

கொரியரில் இரண்டு வழி. டி.டி.பி. என்றால் வரியை நீங்கள் கட்டுகிறீர்கள், வாடிக்கையாளர் கதவைத் திறந்து பெட்டியை வாங்கினால் போதும். டி.டி.யு. அல்லது டி.ஏ.பி. என்றால் வரியை அவர் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு டி.டி.பி.தான் என் சிபாரிசு. பல ஆண்டுகள் வரியே கட்டாமல் பழகிய வாடிக்கையாளர் வீட்டு வாசலில் திடீரென்று பில்லைப் பார்த்தால் பார்சலை மறுப்பார், அப்புறம் ஒற்றை நட்சத்திரமும் வைப்பார். வரியை அமெரிக்க விலையிலேயே சேர்த்து, பட்டியலில் "சுங்க வரி உட்பட" என்று எழுதிவிடுங்கள். நாட்டுக்கு நாடு தனி விலை வைக்கத் தளம் விட்டால் வைத்துவிடலாம்.

இன்னொன்று, வரி விகிதம் பார்சல் புறப்பட்ட நாட்டைப் பொறுத்ததல்ல, பொருள் உருவான நாட்டைப் பொறுத்தது. சீனாவில் செய்த பாசி மாலையை மதுரையிலிருந்து அனுப்பினாலும் அது சீனப் பொருள்தான்.

ஐரோப்பிய வாடிக்கையாளர் "ஏற்கெனவே வரி கட்டிவிட்டேன், கொரியர்காரர் மறுபடி கேட்கிறார்" என்கிறார்.

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் எந்தப் பொருளுக்கும் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி உண்டு, முன்பிருந்த 22 யூரோ விலக்கு போய்விட்டது. 150 யூரோவுக்கு மிகாத பார்சல் என்றால் வாட்டைத் தளமே வாடிக்கையாளரிடம் வாங்கி ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டின் வழியாகக் கட்டிவிடுகிறது. ஆனால் "கட்டியாயிற்று" என்பது அங்குள்ள சுங்கத்துக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் தளத்தின் ஐ.ஓ.எஸ்.எஸ். எண் ஆர்டர் பக்கத்தில் கொடுக்கப்படுகிறது. அதை கொரியரின் அல்லது தபாலின் மின்னணுப் படிவத்தில் உரிய இடத்தில் பதிய வேண்டும். பெட்டி மேல் பேனாவால் எழுதுவதில் பயனில்லை. பதியாமல் விட்டால் வாடிக்கையாளர் இரண்டு முறை வாட் கட்டுவார், கோபம் உங்கள் மேல் திரும்பும். உள்ளூர் கொரியர் ஏஜென்ட் பலருக்குப் படிவத்தில் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கூட நின்று பதியச் செய்யுங்கள்.

150 யூரோவைத் தாண்டினால் இந்த ஏற்பாடு பொருந்தாது. வாட், சுங்கம், கொரியரின் கையாளும் கட்டணம் எல்லாம் எல்லையில்தான். கோட்டுக்குக் கீழே இருந்த சுங்க வரி விலக்கும் போகிறது: 150 யூரோவுக்குட்பட்ட சிறு பார்சல்களில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ சுங்கம் வசூலிக்க 2025 டிசம்பரில் ஒன்றிய நாடுகள் ஒப்புக்கொண்டன, 2026 ஜூலை 1 முதல் என்று.

பிரிட்டன் தனி. அங்கே கோடு 135 பவுண்டு, 2021 ஜனவரி முதல். அதற்குள் இருந்தால் தளம் வாட் வசூலிக்கும். அதைத் தாண்டி, வரி கட்டாமல் தபாலில் போனால் வரியோடு ராயல் மெயிலின் 8 பவுண்டு கையாளும் கட்டணமும் சேரும்.

ஐரோப்பாவுக்கு "பொறுப்பாளர்" வேண்டும் என்று எட்ஸி கேட்கிறதே?

பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஜி.பி.எஸ்.ஆர்., 2024 டிசம்பர் 13 அன்று அமலுக்கு வந்தது. ஒன்றிய நாடுகளிலும் வட அயர்லாந்திலும் விற்கும் நுகர்பொருளுக்கு ஒன்றியத்துக்குள் முகவரியுள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் விவரமும் தயாரிப்பாளர் விவரமும் பட்டியலிலும் பொருளிலும் தெரிய வேண்டும். இதைக் கட்டணத்துக்குச் செய்துதரும் நிறுவனங்கள் உண்டு. ஆண்டுக்கு ஐரோப்பாவுக்குப் பத்து பார்சல்தான் போகும் என்றால் அந்தக் கட்டணம் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். பல சிறு கடைகள் ஐரோப்பாவையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற நாடுகள்?

ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரை 10 சதவீத ஜி.எஸ்.டி.யைப் பெரிய தளங்களே வசூலித்துக் கட்டும். நியூசிலாந்திலும் அந்நாட்டு ஜி.எஸ்.டி.யைத் தளங்களே வசூலிக்கும், 1000 நியூசிலாந்து டாலர் வரை. சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலர் வரையுள்ள பொருட்களுக்கு 9 சதவீதம், மலேசியாவில் 500 ரிங்கிட் வரை 10 சதவீதம், இவையும் தளங்கள் வழியாகத்தான். கனடா கொஞ்சம் கறார்: இந்தியாவிலிருந்து போகும் பார்சலுக்கு 20 கனடிய டாலருக்கு மேல் வரி, தபாலில் வந்தால் 9.95 கையாளும் கட்டணம் வேறு. டொரன்டோ வாடிக்கையாளருக்கு இதை முன்பே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஹெச்.எஸ். கோடு எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்.எஸ். கோடு என்பது பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். அதன் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தியாவில் எட்டாகவும் அமெரிக்காவில் பத்தாகவும் நீளும். கவரிங் நகை 7117, மரச் சிற்பமும் மர அலங்காரப் பொருளும் 4420, பித்தளை, வெண்கலச் சிலை 8306, பித்தளைச் சமையல் பாத்திரம் 7418, பட்டுத் துணி 5007, கையால் வரைந்த ஓவியம் 9701. இவை நான்கிலக்கத் தலைப்புகள், மீதியைச் சுங்க அட்டவணையில் தேடி முடித்துக்கொள்ளுங்கள்.

கோடு ஒருபுறம், விளக்கம் ஒருபுறம். "ஹேண்டிகிராஃப்ட்" என்று ஒற்றைச் சொல் எழுதினால் பார்சல் நிற்கும். "பித்தளைக் குத்துவிளக்கு, 2, வீட்டு அலங்காரம், இந்தியாவில் செய்தது" என்ற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினால் ஓடும். துணி என்றால் என்ன நூல், எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும்.

வாடிக்கையாளரே "விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்கிறார்.

மறுத்துவிடுங்கள், மறுப்பையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். தளம் சுங்கத்துக்குக் கொடுக்கும் விவரத்தில் உண்மை விலை இருக்கிறது. தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய விலைக்குத்தான்.

எதையெல்லாம் அனுப்ப முடியாது?

பேட்டரி, வாசனைத் திரவியம், ஸ்ப்ரே போன்றவற்றின் பட்டியல் எல்லாக் கொரியர் தளங்களிலும் இருக்கிறது. நம் ஊர்க் கடைகள் மாட்டிக்கொள்வது வேறு பொருட்களில்.

சாமி சிலை. இந்தியச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட ஓலைச்சுவடி போன்றவையும் தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராஜர்கூடச் சுங்கத்தின் கண்ணுக்குப் பழையதாகத் தெரியலாம், அதிலும் பச்சை படிய வைத்து "ஆன்டிக் ஃபினிஷ்" செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் "இது தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்கி உடன் வைப்பதுதான் வழி. பட்டியலில் விற்பனைக்காக "ஆன்டிக்", "விண்டேஜ்" என்று அள்ளித் தெளிப்பவர்கள் அந்தச் சொற்கள் தமக்கு எதிரான சாட்சி ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

மயிலிறகு வேண்டாம். உதிர்ந்தது என்றாலும் ஏற்றுமதிக்குத் தடை. சந்தன மரம், செம்மரம் பக்கமும் போகாதீர்கள். சங்கு, சிப்பியில் பாதுகாக்கப்பட்ட இனங்கள் கலந்திருக்கும், இனம் தெரியாமல் அனுப்பாதீர்கள். ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா வகை மரங்கள் 2017 முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. செய்து முடித்த கைவினைப் பொருளில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால் விலக்கு உண்டு, ஆனாலும் மரத்தின் பெயரை இன்வாய்ஸில் எழுதி வைப்பது வாதத்தை மிச்சப்படுத்தும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தாவரப் பொருள் என்றாலே கவனம். கோரைப் பாய், விதை மாலை, பட்டை நீக்காத மரம், ஓலைப் பெட்டி எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். பூச்சியோ முளைக்கும் விதையோ இருந்தால் அழிப்பார்கள், அல்லது வாடிக்கையாளர் செலவில் பதப்படுத்துவார்கள்.

பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு: பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மா அனுப்புவது வேறு, கடை விற்பது வேறு. அமெரிக்காவுக்கு விற்பனைக்கு உணவு அனுப்ப உணவு மருந்து நிர்வாகத்தில் தயாரிப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும், ஒவ்வொரு பார்சலுக்கும் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். குழந்தை பொம்மை விற்கிறவர்களுக்கு இதேபோல் ஒரு சுவர்: 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான பொருள் என்றால் அமெரிக்காவில் பரிசோதனையின் அடிப்படையிலான சான்றிதழ் கேட்பார்கள். செட்டாக அடுக்கும் மரச் செப்பு "அலங்காரப் பொருள்" என்று சொல்லித் தப்ப முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். படத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் முடியாது.

பேக்கிங்கில் கவனிக்க வேண்டியது?

வைக்கோல் வேண்டவே வேண்டாம், பல நாடுகள் அதைப் பார்த்தவுடன் பெட்டியையே ஒதுக்கிவிடும். 6 மில்லிமீட்டரைவிடத் தடித்த கட்டை மரத்தில் கூடு செய்தால், பூச்சி இல்லாமல் மரத்தைப் பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு வேண்டாம். உள்ளே இன்வாய்ஸ் நகல் ஒன்று, வெளியே பையில் மூன்று.

வாடிக்கையாளர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். இப்போது?

கொரியர் உங்களிடம் கேட்கும்: திருப்பி அனுப்பவா, அங்கேயே கைவிடவா? திருப்பினால் போன செலவும் வந்த செலவும் உங்களுடையது. பொருளின் அடக்க விலை திரும்பும் செலவைவிடக் குறைவு என்றால் கைவிடுவதே லாபம். மனசு கேட்காது, ஆனால் கணக்கு அதைத்தான் சொல்லும்.

திரும்ப எடுப்பதென்றால், மூன்று ஆண்டுக்குள் அதே பொருள் அதே நிலையில் வந்தால், ஏற்றுமதியில் பெற்ற வரிச் சலுகையைத் திருப்பிக் கட்டிவிட்டு மற்றபடி இறக்குமதி வரியில்லாமல் எடுக்கலாம். இது நீங்கள் அனுப்பியதுதான் என்று நிரூபிக்க சி.எஸ்.பி. 5 அல்லது பி.பி.இ. நகல் வேண்டும். கிஃப்ட் என்று அனுப்பியவர் தன் பொருளுக்குத் தானே இறக்குமதி வரி கட்டுவார்.

ரிட்டர்ன் கொள்கையில் "திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவருடையது" என்று தெளிவாக எழுதுங்கள். உடைந்து போயிருந்தால் மட்டும் படம் கேட்டுப் பணத்தைத் திருப்பிவிடுங்கள், உடைந்த பொருளைத் திரும்ப வரவழைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

தொலைந்துவிட்டால் முழுப் பணமும் கிடைக்குமா?

காப்பீடு எடுக்காவிட்டால் கிடைக்காது. கொரியர்களின் இயல்பான பொறுப்பு ஒரு சிறு தொகையோடு முடிகிறது. ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிய பொருளுக்குக் காப்பீட்டுக் காசை ஷிப்பிங்கிலேயே சேர்த்துவிடுவது என் வழக்கம். "உடையக்கூடிய பொருளுக்கு உடைவுக்குப் பொறுப்பில்லை" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கு அந்த வரி ஒன்றே காப்பீட்டை வீணாக்கிவிடும். கண்ணாடியைக் கழற்றி அனுப்பி, அங்கே சட்டம் போட்டுக்கொள்ளச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியும் சின்னதாகிறது.

டாலர் வந்துவிட்டது. வங்கி ஏன் பேப்பர் கேட்கிறது?

அனுப்பிய ஒவ்வொரு ஏற்றுமதி பில்லும் ரிசர்வ் வங்கியின் கணினியில் திறந்தபடி நிற்கும். அதற்கான பணம் வந்தது என்று உங்கள் வங்கி காட்டினால்தான் மூடும். பணம் வந்து சேர இருந்த ஒன்பது மாதக் கெடு 2025 நவம்பரில் பதினைந்து மாதமாக நீட்டிக்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் வரையான பில்களை ஏற்றுமதியாளரின் அறிவிப்பை வைத்தே முடிக்க வங்கிகளுக்கு அதே ஆண்டு அனுமதி கிடைத்தது. உங்கள் கிளை இன்னும் பழைய முறையில் ஒவ்வொரு பில்லுக்கும் கட்டணம் பிடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தளம் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும் என்பதால் பில்லில் 65, கணக்கில் 55 என்று இடிக்கும். தளத்தின் மாதாந்திர அறிக்கையை இறக்கி, எந்த ஆர்டருக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை ஒரு எக்ஸெல் தாளில் வைத்திருங்கள். பணம் மாற்றும் சேவையிடமிருந்து அன்னியப் பணம் வந்த சான்றையும் மாதாமாதம் வாங்கிக் கோப்பில் போடுங்கள். மார்ச் மாதத்தில் மொத்தமாகக் கேட்டால் கிடைக்கும்தான், எப்போது என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.